அம்மாவின் கம்மலும் கர்த்தருடைய பந்தியும்

கருப்பட்டி
ஞாயிறு, இரவு 10:42

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பல வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்தவள் நான். இன்றைக்கு எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டுக் கிராமம். தென்னிந்தியத் திருச்சபைக் (சி.எஸ்.ஐ.) குடும்பம். குழந்தை ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, நற்கருணை எடுக்கத் தகுதி தரும் திடப்படுத்தல் எல்லாம் ஊர்க் கோயிலில்தான். வேலைக்குச் சென்னை வந்த பிறகு விடுதித் தோழி ஒருத்தியோடு ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அதுவரை மனப்பாடமாக இருந்த ஜெபம் அங்கேதான் எனக்குப் பேச்சாக வந்தது. மூன்று வருடத்துக்கு முன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அந்தச் சபையில் நகை போடுவதில்லை, அதனால் அப்போதே கம்மல், செயின், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். யாரும் பிடுங்கவில்லை. சந்தோஷமாகத்தான் கழற்றினேன்.

இந்த வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் எடுக்கும் நற்கருணை. நற்கருணை எடுக்கும் நாளில் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அப்படியே வெறும் வயிற்றோடு வந்தாள். அப்பத்தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. தட்டைப் பிடித்திருந்த சகோதரி அம்மாவின் காதைப் பார்த்தார், கழுத்தில் தாலியைப் பார்த்தார். தட்டு அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்தது. அம்மா கையை நீட்டியிருந்தாள். இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கை, ஊரில் எங்கள் குருவானவர் ஐயரிடம் வாங்குவது மாதிரி. அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

நான் என் பங்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். அதுதான் மனதை அறுக்கிறது.

பஸ்ஸில் வரும்போது, "ஏட்டி, எனக்குத் திடப்படுத்தல் ஆகி நாப்பது வருசமாச்சே, அதைச் சொல்லியிருக்கலாமோ?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கம்மல் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படத்தை அழித்துச் செய்தது. வேறு நகை அவளிடம் இல்லை.

தை மாதம் எனக்குக் கல்யாணம், அதே சபையில். "நான் கழத்திட்டுத்தான் வரணுமா?" என்று இப்போது படுக்கப் போகும் முன் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கலாத்தியர் 5:1ல் "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்று இருக்கிறது. நான் கழற்றியது அந்தச் சுயாதீனம்தானா? அப்படியானால் அம்மாவிடம் கேட்கப்படுவதும் அதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யோர்தான்கரை
ஞாயிறு, இரவு 11:30

சகோதரி, உங்கள் அம்மாவின் கையை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து எனக்கும் வலித்தது. ஆனாலும் கலாத்தியரைக் காட்டி, நகை வேண்டாம் என்பதை நியாயப்பிரமாணம், மோசேயின் பழைய சட்டம் மாதிரி, என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1 பேதுரு 3:3, 1 தீமோத்தேயு 2:9 இரண்டிலும் பொன் ஆபரணம் பற்றித் தெளிவாகவே இருக்கிறது. நாங்களாகக் கற்பித்தது இல்லை.

என் அம்மா ராமநாதபுரம் பக்கம் கூலி வேலை செய்தவர். நாங்கள் முதலில் போன கோயிலில் கிறிஸ்துமஸ் அன்று நகை உள்ளவர்கள் முன்வரிசை, இல்லாதவர்கள் தூண் ஓரம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, தானாகவே அப்படி அமையும். அம்மா தூண் ஓரம்தான். பிறகு வெள்ளைப் புடவை சபைக்கு வந்தோம். தாசில்தார் மனைவியும் வெள்ளைப் புடவை, என் அம்மாவும் வெள்ளைப் புடவை. கழுத்தை யாரும் பார்க்காத ஒரு இடத்தில் என் அம்மா முதல் முறையாக உட்கார்ந்தது அங்கேதான். என் அக்காமார் மூன்று பேருக்கும் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லாமல் கல்யாணம் நடந்தது. வரதட்சணைப் பேச்சே எழவில்லை.

உங்களுக்கு அது சட்டமாகத் தெரியலாம். எங்களுக்கு அது கூரையாக இருந்தது. மழையில் நின்றவனுக்குத்தான் கூரையின் அருமை தெரியும்.

நெய்யூர் அக்கா
திங்கள், காலை 6:15

கருப்பட்டி தங்கச்சி, முதலில் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. யோர்தான்கரைத் தம்பி, உன் அம்மாவுக்கும்.

நான் பழைய லண்டன் மிஷன் வட்டாரத்துக்காரி. எங்கள் பக்கத்தில் நகை என்பது பக்தி விஷயமாக இருப்பதற்கு முன்னால் சாதி விஷயமாக இருந்தது. திருவிதாங்கூரில் யார் எந்த நகை போடலாம், யார் மார்பை மறைக்கலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு. நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காகத் தெருவில் சீலை கிழிக்கப்பட்டார்கள். தோள்சீலைக் கலவரம் என்று இன்றும் சொல்வோம். 1859 ஜூலையில்தான் ராஜா பிரகடனம் போட்டு மேலாடைக்கு அனுமதி கொடுத்தார், அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கு நாலு வருடம் முன்னால், 1855ல்தான் அங்கே அடிமை முறையே சட்டப்படி ஒழிந்தது. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காசில் தங்களைத் தாங்களே அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் கோயிலில் உட்கார்ந்து "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்று வாசிக்கக் கேட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நமக்கு அது வசனம். அவர்களுக்கு அது நேற்றைய நாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கொல்லத்துக்குப் பக்கம் பெரிநாட்டில் 1915ல் கல்லுமாலைப் போராட்டம். புலையர் பெண்கள் கல்மாலைதான் போட வேண்டும், பொன்னோ வெள்ளியோ கூடாது என்று வழக்கம். புலையர் தலைவர் ஐயன்காளி கூப்பிட்ட கூட்டத்தில் அந்தப் பெண்கள் கழுத்திலிருந்த கல்மாலையை அறுத்துப் போட்டார்கள். கழற்றினதுதான் அங்கே விடுதலை. எங்கள் ஆச்சிமார் மேலாடையைப் போட்டது விடுதலை. ஒரு ஊரில் கழற்றுவது, ஒரு ஊரில் போடுவது. ஆகையால் நகையை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. யார் சொல்லி, எதற்காக, மறுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

தம்பியின் அம்மா கழற்றியபோது தலை நிமிர்ந்தது. கருப்பட்டியின் அம்மா முந்தானையால் காதை மூடினாள். எனக்கு இந்த வித்தியாசமே போதும்.

தரங்கை வாத்தியார்
திங்கள், முற்பகல் 11:05

ஓய்வுபெற்ற ஆசிரியன், லுத்தரன் சபைக்காரன். அக்கா சொன்னதற்கு வேதத்திலேயே சரியான உதாரணம் இருக்கிறது. அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம், அதாவது நுனித்தோல் நீக்கும் யூதச் சடங்கு, பண்ணினார், அப்போஸ்தலர் 16:3. அதே பவுல் கிரேக்கனான தீத்துவுக்குப் பண்ண மறுத்தார், கலாத்தியர் 2:3. ஒரே சடங்கு, ஒரே ஆள், இரண்டு முடிவு. ஏன்? தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண். அந்தப் பக்கத்து யூதர்களிடம் போய்ப் பேச அது உதவியாக இருந்தது, பவுல் விரும்பிச் செய்தார். தீத்து விஷயத்திலோ, இது இல்லாமல் நீ முழுக் கிறிஸ்தவன் இல்லை என்று சிலர் கட்டாயப்படுத்தினார்கள். கட்டாயம் என்றதும் பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். சுயாதீனம் என்றால் செய்யாமல் இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். பவுல் செய்தும் காட்டினார், செய்யாமலும் காட்டினார். கருப்பட்டி கம்மலைக் கழற்றியது தீமோத்தேயு மாதிரி. அம்மாவின் காதைப் பார்த்துத் தட்டை நகர்த்தியது தீத்துவைக் கட்டாயப்படுத்தினது மாதிரி. மகளே, நீ கழற்றினது தப்பில்லை. அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கலாத்தியர் நிருபம் எங்கே சூடு பிடிக்கிறது என்று பாருங்கள். அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டுப் பந்தியில். யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து பேதுரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுலின் கூட்டாளி பர்னபாவும் கூடவே போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவின் முகத்துக்கு நேரே எதிர்த்தார். விசுவாசத்தினால் நீதிமானாவது என்று நாம் பெரிய உபதேசமாகப் படிப்பதெல்லாம் அந்த இலையிலிருந்துதான் கிளம்புகிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கு வந்த பதில் அது.

மூன்று பிள்ளைகளின் தகப்பன்
திங்கள், இரவு 9:20

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். எனக்கு நடைமுறைக் கவலை ஒன்று. என் மூத்த மகனுக்கு 19 வயது. ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால், "அப்பா, நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லையே" என்கிறான். ஏதாவது கண்டித்தால், "ஆவியானவர் எனக்கு அப்படி உணர்த்தவில்லை" என்கிறான். அவனவன் மனசுக்குப் பட்டதுதான் ஆவி என்றால் வீடு வீடாக இருக்குமா? கட்டுப்பாடு இல்லாமல் நாங்கள் வளரவில்லை. எங்கள் அப்பா குடும்ப ஜெபத்துக்கு வராதவனுக்குச் சோறு போட மாட்டார். அதனால்தான் இன்றைக்கு எனக்குச் சங்கீதம் நாவில் நிற்கிறது.

தரங்கை வாத்தியார்
செவ்வாய், காலை 10:10

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. பவுலுக்கும் இதே கவலை இருந்தது. 5:1ல் சுயாதீனம் என்றவர், பன்னிரண்டு வசனம் தாண்டி 5:13ல் அதே சுயாதீனத்தை "மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்கிறார். சபைச் சீர்திருத்தக்காரர் லுத்தர் 1520ல் கிறிஸ்தவனின் சுயாதீனம் பற்றி எழுதிய சிறு நூலின் தொடக்கமே இதுதான்: கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் எஜமான், ஒருவருக்கும் கீழ்ப்பட்டவன் இல்லை, கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். உங்கள் மகன் முதல் பாதியை மட்டும் பிடித்திருக்கிறான். வயது அது.

வாத்தியாராக இருந்ததால் எனக்குப் பிடித்த ஒரு சொல் உண்டு. கலாத்தியர் 3:24ல் நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற "உபாத்தியாய் இருந்தது" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. மூலத்தில் அந்த ஆள் வாத்தியாரே இல்லை. கிரேக்கச் சொல் பைதகோகோஸ். பணக்கார வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டி வரும் வீட்டு அடிமை. வழியில் ஓடாமல் பார்த்துக்கொள்வான், தேவைப்பட்டால் கம்பும் எடுப்பான். பையன் ஆளானதும் அவன் வேலை முடிந்தது. ஆக, நியாயப்பிரமாணம் கெட்டது என்று பவுல் சொல்லவே இல்லை. அதற்கு ஒரு வயது உண்டு என்கிறார். உங்கள் அப்பா சோறு போடாமல் வைத்தது அந்த வயதுக்குச் சரியாக இருந்திருக்கலாம். 19 வயது மகனுக்கு எதைச் செய்வது என்பது வேறு கேள்வி.

அடுத்த அதிகாரத்தில் 4:6. குமாரனுடைய ஆவி நம் இருதயத்தில் "அப்பா, பிதாவே" என்று கூப்பிடுகிறது. மற்ற நாட்டுக்காரர்கள் "அப்பா" என்பது அரமேயச் சொல், வீட்டில் பிள்ளைகள் கூப்பிடுவது என்று விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. நமக்கு விளக்கமே வேண்டாம். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715ல். அந்த வசனத்தை அன்று முதல் முறை வாசித்த தமிழனுக்கு, தன் வீட்டுத் திண்ணையில் கேட்கும் சத்தம் காகிதத்தில் கிடைத்த மாதிரி இருந்திருக்காதா? ஆவியில் நடப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த ஒரு சொல் போதும். அப்பா என்று கூப்பிடுகிறவன் விதிப்புத்தகம் பார்த்து வீட்டுக்குள் நடப்பதில்லை. ஆனால் அப்பாவின் முகம் வாடினால் அவனுக்குத் தாங்காது.

மகன் சொல்வது ஆவியா மாம்சமா, அதாவது சொந்த இச்சையா, என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், 5:19 முதல் மாம்சத்தின் கிரியைகள் என்று பட்டியல் இருக்கிறது. வேசித்தனம், வெறி இதெல்லாம் மட்டும்தான் நம் கண்ணில் படும். நடுவில் பாருங்கள்: பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள். பாதிப் பட்டியல் இதுதான்! சேகரத் தேர்தல், அதாவது சபை நிர்வாகத் தேர்தல், நேரத்தில் நம் கோயில்களில் நடப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஒழுக்கமான மனுஷர்கள், ஒரு துளி மது தொட மாட்டார்கள், இந்த எட்டையும் வேட்டி மடிப்புக் கலையாமல் செய்வார்கள்.

யோர்தான்கரை
செவ்வாய், இரவு 10:50

வாத்தியார் ஐயா, நேற்று முழுவதும் நீங்கள் எழுதினதையே யோசித்தேன். அக்கா கேட்ட கேள்வி, "மறுத்தால் என்ன ஆகும்?" என்பது, என்னைக் குடைந்தது. என் அம்மா மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், மனதில் பட்டதை மறைக்க விரும்பவில்லை. பந்திக்கு நிபந்தனையே கூடாதா? நாளைக்கு ஒருவன் வந்து, இந்தச் சாதிக்காரன் தொட்ட பாத்திரத்தில் நான் குடிக்க மாட்டேன், எனக்குத் தனியாகக் கொடு என்றால், அது அவனுடைய சுயாதீனம் என்று விட்டுவிடுவீர்களா? விடமாட்டீர்கள் என்றால் நீங்களும் ஒரு சட்டம் வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் மட்டும் ஏன் சட்டம் என்று குறை சொல்கிறீர்கள்? 1 கொரிந்தியர் 11:29ல் அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் புசிக்கிறவனுக்கு ஆக்கினை என்றே இருக்கிறது. பாஸ்டர்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது. அதையும் புரிந்துகொள்ளுங்கள்.

தரங்கை வாத்தியார்
புதன், காலை 9:40

தம்பி, இந்த இழையில் இதைவிட நல்ல கேள்வி வரவில்லை. இதற்கு நான் என் சபையின் வரலாற்றை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

தஞ்சாவூர், வேப்பேரி பக்கத்துச் சபைகளில் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தது. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார்: சாதி வித்தியாசத்தை உடனே, முழுமையாக, இனி என்றைக்கும் இல்லாதபடி விட்டுவிட வேண்டும் என்று. தஞ்சையில் பெரிய கலகமாகிவிட்டது. பலர் சபையைவிட்டே போனார்கள். நாம் இன்றும் பாடுகிற பாடல்களைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே இந்த விஷயத்தில் மிஷனரிகளின் கட்டாயத்தை எதிர்த்து எழுதியவர். பிறகு 1840ல் ஜெர்மனியிலிருந்து எங்கள் லைப்சிக் மிஷன் வந்தது. அதை நடத்திய கார்ல் கிரால் பெரிய தமிழறிஞர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். அவருடைய வாதம் என்ன தெரியுமா? சாதி சமுதாய ஏற்பாடு, அதைச் சட்டம் போட்டு ஒழிக்கப் போனால் அது நியாயப்பிரமாணம் ஆகிவிடும், சுவிசேஷம் புளித்தமாவு மாதிரி மெல்ல வேலை செய்யும் என்றார். பவுலின் சொற்களே! நாம் இங்கே பேசுவதே! அந்தச் சொற்களின் நிழலில் தனி வரிசை இன்னும் பல பத்து வருடம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. பிஷப்போடு முரண்பட்டுப் போனவர்கள் பலர் எங்களிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதே காலத்தில் மதுரை அமெரிக்க மிஷன் வேறு வழி பிடித்தது. 1840களின் கடைசியில் அன்பின் விருந்து என்று ஒன்று வைத்தார்கள். யார் சமைத்தாலும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மாட்டேன் என்றால் உபதேசியார் வேலை கிடையாது. அதிலும் பலர் போனார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. மதுரைக்காரர்கள் வைத்தது சட்டமா? சட்டம்தான் என்றே வைத்துக்கொள்வோம். நான் அவர்கள் பக்கம். காரணம், அந்தியோகியாவில் பவுல் யாரைக் கண்டித்தார் என்று பார்க்கிறேன். பந்தியைவிட்டு எழுந்து போனவரைக் கண்டித்தார். உட்கார வந்தவரை அல்ல. இந்த ஆளோடு நான் உட்கார மாட்டேன் என்று ஒருவன் எழும்போது, உட்காரு என்று சொல்வது பந்தியைக் காப்பாற்றுவது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத் தட்டு தாண்டிப் போவது, எழுந்து போவதற்குச் சமம். இரண்டுக்கும் சட்டம் என்று ஒரே பெயர் வைக்கலாம். ஒன்று கதவைத் திறந்து பிடித்திருக்கிறது, மற்றது சாத்துகிறது.

அபாத்திரமாய் என்ற வசனமும் அப்படித்தான். அதற்கு எட்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். கொரிந்துவில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், கூலிக்காரன் வேலை முடிந்து வரும்போது ஒன்றும் மிச்சமில்லை. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று 22ல் பவுல் கேட்கிறார். கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் புசிப்பது என்று அவர் பயமுறுத்தியது அவர்களைத்தான், வெட்கப்படுத்தியவர்களை. நாம் அந்த வசனத்தை எடுத்து வெட்கப்பட்டவர்களின்மேலே வைக்கிறோம்.

தம்பி, உங்கள் அம்மா தூண் ஓரம் நின்றாரே, அந்தக் கோயிலில் நகை போட்டவர்கள்தான் அபாத்திரமாய்ப் புசித்தவர்கள். வெள்ளைப் புடவை அந்த அவமானத்திலிருந்து அவரை மீட்டது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூரையை நான் பிரிக்கச் சொல்லவில்லை. கூரைக்கு வெளியே இன்னொரு அம்மா நனைகிறார், அவ்வளவுதான்.

நெய்யூர் அக்கா
புதன், பகல் 1:15

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் சி.எஸ்.ஐ. ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் பெந்தெகொஸ்தேக்காரர்களைப் பார்த்து விரல் நீட்ட வேண்டாம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே இன்னும் சுவர் நிற்கிறது. பந்தியில் ஒன்றாக, மண்ணில் தனியாக.

கருப்பட்டி, எங்கே போனாய்? அம்மா எப்படி இருக்கிறாள்?

மட்டுறுத்துநர்
புதன், மாலை 5:00

தசமபாகம், ஓய்வுநாள் சனியா ஞாயிறா, அந்நியபாஷை பற்றி வந்த பதில்களைத் தனி இழைகளுக்கு மாற்றியிருக்கிறேன். எல்லாம் முக்கியமானவைதான், ஆனால் இங்கே ஒருவர் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எந்தச் சபையின் பெயரையும் யாரும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

கருப்பட்டி
ஞாயிறு, இரவு 9:05

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாம்படம் போட்ட ஆச்சியும் நெய்யூர் அக்காவின் ஆச்சியும் கொஞ்சம் நேரம் எங்கள் அறையில் இருந்த மாதிரி இருந்தது. யோர்தான்கரை அண்ணனின் அம்மாவைப் பற்றி வாசித்தபோது அம்மா, "அவங்களைத் தூணுகிட்ட நிக்க வச்சவங்க நம்ம மாதிரி ஆளுங்கதான் பிள்ள" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் ஊர்க் கோயிலிலும் தூண்கள் இருக்கின்றன.

வியாழக்கிழமை பாஸ்டரைத் தனியாகப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன், தீமோத்தேயு, தீத்து பற்றிக் கேட்டேன். அவர் முதலில் சபை ஒழுங்கு என்றார், முப்பது வருடமாக இப்படித்தான் என்றார். பிறகு, "அவங்க கையை நீட்டினாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தட்டு பிடித்த சகோதரி அவரிடம் அதைச் சொல்லவில்லை போல. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நேற்று மத்தியானம் பாஸ்டரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவராகத்தான் வருகிறேன் என்றார். அம்மா காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய், ஊரில் அசனத்துக்குச் செய்கிற மாதிரி ஆட்டுக்கறிக் குழம்பும் கத்தரிக்காய் போட்ட சாம்பாரும் வைத்தாள். அந்தச் சின்ன அறையில் பாய் விரித்து எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். எங்கள் ஊர் அசனத்தில் பந்தல் போட்டு ஊரே ஒரே வரிசையாக உட்காரும், கோயில் வருமானத்தில் பெரிய அண்டாவில் சோறு வடிப்பார்கள் என்று அம்மா பாஸ்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டே பரிமாறினாள். பாஸ்டர் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். காதைப் பார்த்தாரா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எனக்கே அது கஷ்டமாக இருந்தது, நானும் அந்தச் சகோதரி மாதிரிதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று.

கை கழுவின பிறகு பாஸ்டர் அம்மாவிடம், "அம்மா, போன வாரம் உங்களைத் தாண்டிப் போனதுக்கு என்னை மன்னிச்சுக்கணும்" என்றார். அம்மா பதறி எழுந்துவிட்டாள். ஒழுங்கை மாற்றுவேன் என்று அவர் சொல்லவில்லை. மூப்பர்களோடு பேச வேண்டும், உபவாசம் இருந்து ஜெபிக்க வேண்டும் என்றார். எனக்கு அது போதவில்லை. ஆனால் அவர் உள்ளபடியே சொன்னார், அதை மதிக்கிறேன். கல்யாணத்துக்கு அம்மா கம்மலோடுதான் வருவாள் என்று நானும் உள்ளபடியே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லிவிட்டேன். அவர் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் திரும்பப் போட்டுக்கொள்ளப் போகிறேனா என்று அக்கா உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். இல்லை. எனக்கு இப்படி இருப்பதே பிடித்திருக்கிறது.

யோர்தான்கரை
ஞாயிறு, இரவு 9:48

சகோதரி, எங்கள் சபையில் நானும் திருவிருந்துத் தட்டு பிடிக்கிறவன்தான். ஆண்கள் பக்கம். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை பிடிக்கும்போது கைகளை மட்டும்தான் பார்ப்பேன்.

அம்மா எப்போது ஊருக்குப் போகிறார்கள்?

கருப்பட்டி
ஞாயிறு, இரவு 10:02

செவ்வாய்க்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருந்தோம் அண்ணா. சாயங்காலம் அம்மாவே அதை ரத்து பண்ணச் சொல்லிவிட்டாள். அடுத்த முதல் ஞாயிறு முடிந்துதான் போவாளாம்.